துளசி மொட்டுக்குக் காவல் இருந்த வாரம்

தோ பாயோ,
வெள்ளிக்கிழமை.

உட்லண்ட்ஸில் வீற்றிருந்து மூலிகைகளை ஆராயும் பேரரசி, என் தங்கை பெற்ற செல்வம் நிரஞ்சனாவுக்கு, ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் பூந்தொட்டிகளைக் கட்டி ஆளும் தாய்மாமன் அழகப்பன் ஆசிகளுடன் எழுதுவது. உன் நலத்தை உன் அம்மா தினமும் போனில் ஒலிபரப்புவதால் தனியாக விசாரிக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டினால் வரலாறு மன்னிக்காது, அதனால் கடிதம்.

உன் ரத்தினம்மா அத்தைக்கு இருமி இருமித் தொண்டை கட்டியதும், டாக்டர் மருந்து கொடுத்துப் பேசவே கூடாது என்றதும் உனக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்த வீட்டில் குளிர்பெட்டி மட்டும்தான் பேசுகிறது. திட்டு வாங்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் சனிக்கிழமை உன்னிடம் துளசிக் கஷாயம் பற்றிக் கேட்டேன். "டாக்டர் மருந்த நிறுத்திடாதீங்க மாமா. துளசின்னா எப்பப் பறிக்கிறீங்கங்கறதும் முக்கியம். மொட்டு விடுற சமயத்துல இலையில எண்ணெய் நல்லா இருக்கும், விதை பிடிச்சா குறைஞ்சுடும்" என்றாய்.

அவ்வளவுதான், காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன். காலையில் எழுந்ததும் பூதக்கண்ணாடியோடு செடியைப் பார்ப்பது, பிறகு கஞ்சி வைத்து அத்தைக்குக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நிலவரம் வாசிப்பது. இன்றும் மொட்டு இல்லை, இன்றும் இல்லை. நான் பார்த்த பார்வைக்குத் தாழ்வாரத்தில் நின்ற சைக்கிளே மொட்டு விட்டிருக்கும், அந்தச் செடி அசையவில்லை.

இன்று காலை பார்த்தால், கொத்தாக மொட்டு. ஆனால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை துளசியில் கை வைக்கக் கூடாது என்பது அத்தை போட்ட சட்டம், நாடாளுமன்றமே கூடினாலும் மாறாது. நாளைக்குள் பூத்து, விதை பிடித்து, சத்தெல்லாம் ஜோகூர்ப் பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்கே போய்விட்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஜைனப்பைக் கூப்பிட்டேன்.

"நீ வெட்டிக் குடும்மா, இந்தச் சட்டம் உனக்குக் கிடையாது."

"நல்லாருக்கே அண்ணே, தப்ப என் தலையில கட்டுறீங்களா? ஒரு நாள்ல இலை எங்க போயிடும் லா?"

"இலை போகாதும்மா. அவ குரல் போயிடும்."

அவள் என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். அது செடியைத் தொடுவதற்குள் உள்ளேயிருந்து ஓர் இடி: "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பண்றீங்க அங்க?" தோ பாயோப் புறாக்கள் ஃபேரர் பார்க் வரை பறந்தன. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் துளசி எண்ணெய் தெறித்துவிட்டது என்று ஜைனப்பிடம் சொன்னேன், எண்ணெய் இன்னும் இலைக்குள்தான் இருந்தது.

பறிக்காமலே குணப்படுத்தும் மூலிகையை உன் மாமன் நான் கண்டுபிடித்துவிட்டேன், ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பேரை முதலில் போடு. குரல் நிலைத்து நிற்க நாளைக் காலை பறித்துக் கஷாயம் போடுவேன்.

நீயும் உன் கண்ணாடிக் குழாய்களும் உடையாமல் நீடூழி வாழ்க.

அன்பு மாமன்,
அழகப்பன்

பின்குறிப்பு: கண்ணு, அத்தை எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்டதான் கொடுத்தார். எனக்குக் குரல் திங்கக்கிழமையே வந்துடுச்சு. மொட்டு அதுக்கும் முன்னாடியே வந்துச்சு, அவர் எழுந்திரிக்கிறதுக்குள்ள நான்தான் தினமும் கிள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை தொட முடியல, பதறிக் கத்தி மாட்டிக்கிட்டேன். கஞ்சியில உப்பே இல்ல, ஆனா கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் என் பக்கத்துல உட்கார்ந்து இவ்வளவு பேசினதில்ல. இன்னிக்குச் சனிக்கிழமை, மறுபடியும் கிள்ளிட்டேன். அவரைப் பொறுத்தவரைக்கும் தொண்டையும் மறுபடி கட்டிக்கிச்சு. அவர் போன் பண்ணினா, அடுத்த மொட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கணும்னு சொல்லிடு.