பூகோள வாத்தியாரின் ஆக்சிலேட்டர் கேபிள்

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேபிளை மாற்றியே தீருவது என்று பூகோள வாத்தியார் சபதம் செய்தார். போன ஞாயிற்றுக்கிழமையும் இதே சபதம்தான். அதற்கு முந்தின வாரம் சபதத்தோடு மேஜையையும் ஒரு தட்டு தட்டினார். காபி கொட்டியதுதான் மிச்சம்.

வாத்தியார் ரிட்டையர் ஆகி வருஷக்கணக்காகிறது. பாடம் அவரை விட்டுப் போனாலும் பூகோளம் போகவில்லை. இடுப்புக்கு மேலே உருண்டையாக, பெல்ட் என்ற பூமத்திய ரேகையுடன் தங்கிவிட்டது. இவ்வளவு பெரிய பூகோளத்தை வைத்துக்கொண்டு செய்கிற வேலையா அது?

ஷெட்டில் நிற்பது ரெண்டே பேர் உட்காரக்கூடிய பழங்காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். அவருடையதல்ல, மகளுடையது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிவந்து, ஸ்பானரும் கையுமாக இருந்து உயிர் கொடுத்தவள் அவள். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. கார் இருக்கிறது, அவள் இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வாத்தியார் அதை ஸ்டார்ட் செய்து, யார் மேல் கோபம் என்றே தெரியாமல் ஆக்சிலேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கேபிள் அறுந்தது.

அந்தக் கேபிளின் ஒரு முனை பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், இருட்டில் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டியிருக்கும். அதைத் தொட வேண்டுமானால் முதுகைத் தரையில் போட்டு, தலையைப் பெடல் பக்கம் நுழைத்து, ரெண்டு காலையும் சீட்டின் முதுகுக்கு மேலே தொங்கப் போட வேண்டும். மரியாதைப்பட்டவர்கள் படுக்கிற படுக்கை அல்ல. வாத்தியார் படுத்தார். புதுக் கேபிள் பெட்டி வயிற்றின் மேல் உட்கார்ந்தது.

சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"எட்டிச்சா?"

"எட்டல!"

"எவ்வளவு எட்டல?"

"ஒரு விரல் அளவு!"

"போன வாரமும் ஒரு விரல்தானே? அந்த விரல் குறையவே குறையாதா?"

"விரல் குறைஞ்சா அப்புறம் எதை வச்சு எட்டறது?"

உண்மை என்னவென்றால், வாத்தியார் கையை நீட்டவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கேன், நீ அழாதே" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாயோடு அவள் எதிரில் எப்படி அழுவது? வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் அவள் வருகிறாள். இந்த டேஷ்போர்டுக்கு அடியில்தான் யாரும் வரமாட்டார்கள். முகம் தெரியாது, கால் மட்டும்தான் தெரியும். கால் அழுவதில்லை. மகள் கையின் கிரீஸ் இன்னும் ஒட்டியிருந்த தகரத்தைப் பார்த்தபடி அவர் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் அழுவார். பிறகு எழுந்து உள்ளே போவார். வாராவாரம் இதே விசாரணைதான்.

"என்ன, கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?"

"ஆயில் சொட்டிடுச்சு."

"பெடல் கிட்ட ஏதுங்க ஆயில்?"

"பழைய வண்டி. எங்கேருந்து வேணாலும் சொட்டும்."

"ரெண்டு கண்ணுலயும் சரிசமமா சொட்டுதே, கெட்டிக்கார ஆயில்தான்!"

கேபிளை மாட்டாமலிருக்க இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பல் டாக்டருக்கு இந்தக் கார் மேல் ஒரு கண். "ஓடற நிலைக்கு வரட்டும், எடுத்துக்குங்க" என்று வாத்தியார் ஏதோ ஒரு பலவீனமான நேரத்தில் வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். ஓடினால் கார் போய்விடும். கார் போனால் அவர் அழ இடமில்லை. ஆகவே அந்த ஒரு விரல் தூரம் குறையாமல் பார்த்துக்கொண்டார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டரே வந்துவிட்டார். தொங்கிக்கொண்டிருந்த காலிடம் குனிந்து குசலம் விசாரித்தார்.

"என்ன சார், இன்னும் முடியலையா? கடைவாய்ப் பல்லோட வேர் வரைக்கும் போறவன் நான். கொஞ்சம் நகருங்க, அஞ்சு நிமிஷத்துல மாட்டித் தரேன்."

வாத்தியார் நகரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அங்கே கையை மடக்க இடமில்லை. அதற்குள் மனைவி ஷெட்டுக்குள் வந்துவிட்டாள்.

"கேபிளே இன்னும் வரலைங்க டாக்டர். கப்பல்ல வருது."

"அப்போ அவர் வயித்து மேல இருக்கிற பெட்டி?"

"அது அளவு தப்பா வந்தது. எதுக்கும் வச்சுப் பார்க்கிறார், பாவம்."

டாக்டர் போய்விட்டார். வாத்தியார் தட்டுத்தடுமாறி வெளியே வந்தார். அவளுக்குப் பொய் சொல்ல வரும் என்பதே அவருக்குப் புதுச் சேதி.

"எதுக்குப் பொய் சொன்னே?"

"மாட்டியாச்சுன்னு சொன்னா வண்டியை ஓட்டிட்டுப் போயிடுவாரே!"

"மாட்டியாச்சா? யார் மாட்டினது?"

"நான்தான். பெட்டியைத் திறந்து பாருங்க."

திறந்தார். அறுந்துபோன பழைய கேபிள் உள்ளே சுருண்டு கிடந்தது. வாராவாரம் இதைத்தான் பத்திரமாக வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

"எப்போ?"

"நீங்க முடி வெட்டிக்கப் போனப்போ. ரெண்டு மாசம் இருக்கும்."

"ரெண்டு மாசமா? அப்போ நான் இத்தனை நாளா..."

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தவ நான். லைன்ல யாராவது சத்தமில்லாம அழுதா, மூச்சை வச்சே தெரிஞ்சுடும். ஜன்னலுக்கும் ஷெட்டுக்கும் எவ்வளவு தூரம்? அழட்டும்னு விட்டுட்டேன்."

வாத்தியார் பெட்டியை மூடினார். மறுபடி திறந்தார்.

"உனக்கு எதுக்கு இந்தக் கேபிள்?"

அவள் காரின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அவ என்னிக்கு ஹாரன் அடிச்சிருக்கா? கேட்டுக்கு வெளியே நின்னு ரெண்டு தடவை உறும விடுவா. நான் கையைத் துடைச்சுக்கிட்டே ஓடுவேன், திறந்து விட. அந்தச் சத்தம் கேபிள் இல்லாம வராதுங்க. நீங்களும் டாக்டரும் வெளியே போற அன்னிக்கெல்லாம் நான் இதுல உட்கார்ந்து ரெண்டு தடவை மிதிப்பேன். அவ்வளவுதான்."

ஒருவர் அழுவதற்காக மாட்டாமல் வைத்திருந்ததை, இன்னொருவர் அழுவதற்காக மாட்டிவிட்டார். ஒரே வீட்டில், ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல். வாத்தியார் அவள் எதிரிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை ஆயில் மேல் பழி போடவில்லை.

அவள் கதவைத் திறந்து ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏய்! உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"அவதான் சொல்லிக் கொடுத்தா. அப்பா கிட்ட சொல்லாதே, பயந்துடுவார்னா."

அம்மாவும் பெண்ணுமாகச் சேர்ந்து எத்தனை காலமாக ஏமாற்றியிருக்கிறார்கள்! வாத்தியார் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினார். அவள் சாவியைத் திருப்பி ரெண்டு தடவை மிதித்தாள். ஷெட்டே அதிர்ந்தது. ரெண்டு பேரும் கேட்டைப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

பிறகு அவள் கியரைப் போட்டாள்.

"அழுகை பாக்கி இருந்தா இங்கேயே முடிச்சுக்குங்க. ரோட்டுக்குப் போனா ரெண்டு பேர் கண்ணையும் துடைக்க எனக்குக் கை கிடையாது."