ஓடுற பஸ்ல துண்டு எறிதல்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கல்யாணமாகி முதல் ஆடி, மாமனார் வீட்டுல விருந்து. திருவண்ணாமலைல பஸ் ஏறி கீழ்பென்னாத்தூர்ல இறங்கணும். அவ்ளோதான்.

மாமனார் காலைலயே போன் பண்ணிட்டாரு. பஸ் ஸ்டாப்புக்கே வண்டி எடுத்துட்டு வந்து நிக்கிறாராம். முதல் விருந்துக்கு மாப்ள நடந்து வந்தா ஊர் என்ன பேசும்னு கேட்டாரு.

ஆனா நேத்து பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் சுத்தின மொத்த ஜனமும் பஸ் ஸ்டாண்டுல.

இந்த மாதிரி நாள்ல எங்க ஊர்ல பஸ் ஏறுறது பிரயாணம் இல்லங்க, விளையாட்டு. பஸ் உள்ள வரும்போதே கூட ஓடணும். ஓடிக்கிட்டே ஜன்னல் வழியா எதையாவது சீட்டுல போட்டுட்டா சீட்டு நமக்கு. கர்ச்சீப் வெயிட்டு கம்மி, காத்துல திரும்பி நம்ம மூஞ்சிக்கே வரும். தண்ணி பாட்டில் உருண்டு அடுத்தவன் சீட்டுக்குப் போயிடும். துண்டுதான் சரி.

காலேஜ் படிக்கும்போது இதுல நான் பெரிய ஆளுன்னு என் பொண்டாட்டி சுமதிகிட்ட நிறைய தடவை சொல்லியிருக்கேன். அவ நேர்ல பாத்ததில்ல. நேத்து காட்டிடணும்னு இருந்தேன்.

ஒரு பஸ் திரும்புச்சு. கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் குடுத்த ஜரிகைத் துண்டை உருவிக்கிட்டு ஓடுனேன்.

பின்னாடியே சுமதி, "என்னங்க, எந்த பஸ்னு போர்டைப் பாருங்க"ன்னா.

"போர்டு எங்க போயிடப் போவுது? முதல்ல சீட்டு"ன்னேன்.

எனக்குப் போட்டியா ஒருத்தர் தேங்காய்ப் பையைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. அவர் கை ஜன்னல் வரைக்கும் வரல. என் துண்டு ரெண்டு பேர் சீட்டு மேல விரிச்சி வெச்ச மாதிரி விழுந்துச்சு. சத்தியமா சொல்றேன், அவ்ளோ அழகா நான் எதையும் எறிஞ்சதில்ல.

சட்டைப் பட்டன் ஒண்ணு போச்சு, செருப்பு ஒண்ணு பிஞ்சுது. ஆனா உக்காந்துட்டோம். சுமதிக்கு ஜன்னலோரம். நிக்கிறவங்களை எல்லாம் கொஞ்சம் பாவமா பாத்தேன்.

கூட்டத்துல நீந்தி கண்டக்டர் எங்ககிட்ட வர்றதுக்குள்ள பாதி தூரம் தாண்டியாச்சு.

"கீழ்பென்னாத்தூர் ரெண்டு"ன்னேன்.

"நிக்காது சார். பாண்டிச்சேரி எக்ஸ்பிரஸ். செஞ்சிலதான் நிக்கும்."

கெஞ்சிப் பாத்தேன். விருந்துன்னு சொன்னேன். மாப்ளன்னு சொன்னேன். நடுவுல நிறுத்துனா தனக்கு மெமோ வரும்னு சொல்லி, செஞ்சிக்கே ரெண்டு டிக்கெட் கிழிச்சிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

சுமதி அந்தத் துண்டை எடுத்து நாலா மடிச்சி என் மடில வெச்சா. அதுதான் ஜாஸ்தி பயமா இருந்துச்சு.

கீழ்பென்னாத்தூர் வந்துச்சு. ஸ்டாப்புல புது வேட்டி கட்டிக்கிட்டு மாமனார் வண்டியோட நிக்கிறாரு. சுமதி ஜன்னல் வழியா "அப்பா"ன்னு கையாட்டுனா. அவரும் சிரிச்சிக்கிட்டே கையாட்டுனாரு. பஸ் போயிடுச்சு.

கொஞ்ச நேரத்துல போன்.

"மாப்ள, இப்பப் போனது நீங்கதானா?"

"ஆமாங்க மாமா."



"உக்காந்துதான போறீங்க?"