ரேடானுக்குத் தயாரான இல்லம்

கண்ணுக்குத் தெரியாத எதிரியைக் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஒரு குழாயால் வென்றுவிடலாம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டிய பெருமை எங்கள் நிறுவனத்தையே சேரும். அயோவா மாநிலத்தில், சோளக்கொல்லையாகக் கிடந்த இடத்தில், 'வானம்பாடிக் குன்று' என்ற பெயரில் நாற்பத்திரண்டு வீடுகள் கட்டினோம். அங்கே வானம்பாடி கிடையாது, குன்றும் கிடையாது. இல்லாததைப் பெயரிலாவது கொடுத்துவிடுவது எங்கள் கொள்கை.

என் பெயர் எல்டன் ப்ராட்ஸ். அங்கே நான் 'வாடிக்கையாளர் மனநிம்மதி மேலாளர்'. வீடு வாங்கியவர் மனத்தில் நிம்மதி குறைந்தால் நிரப்ப வேண்டியது என் பொறுப்பு. வீட்டில் ஏதாவது குறைந்தால் அது வேறு துறை. அந்தத் துறை இன்னும் தொடங்கப்படவில்லை.

எதிரியின் பெயர் ரேடான். எங்கள் மண்ணிலிருந்து கசிகிற, நிறமோ வாடையோ இல்லாத வாயு. தரை விரிசல் வழியாக நிலவறைக்குள் ஏறி, அங்கேயே தங்கி, வருஷக்கணக்கில் நுரையீரலைத் தின்னும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். சோள விலை, மழை, கல்லூரி மல்யுத்த அணி ஆகியவற்றைப் பேசி முடித்தபின் இதைப் பேசலாம் என்று இருந்தோம். அவற்றைப் பேசி முடித்தவர் இதுவரை யாரும் இல்லை.

மார்லிஸ் நட்ஸன் மட்டும் நேராக இதிலிருந்தே தொடங்கினார். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய பண்ணை வீட்டை விற்றுவிட்டு எங்களிடம் புது வீடு கட்ட வந்திருந்தார். எங்கள் உள்ளலங்கார நிபுணர் கேண்டஸ் ஆப்டால் அவர் முன்னால் பதினாறு கல் மாதிரிகளைப் பரப்பினார்.

"சமையல் மேடைக்கு எது வேணும் மேடம்? கருங்கல்லா, பளிங்கா?"

"கல்லு கெடக்கட்டும்மா. தரைக்குக் கீழ என்ன போடப் போறீங்க? அதச் சொல்லு."

அவருடைய கணவர் டெல்மர் வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. பக்கத்தில் யாராவது பற்றவைத்தால் எழுந்து போய்விடுவார். இரண்டு குளிர்காலத்துக்கு முன் நுரையீரல் புற்றுநோயில் போனார். அடக்கம் முடிந்தபின் மார்லிஸ் ரேடான் அளக்கும் ஒரு சோதனை டப்பா வாங்கி, டெல்மர் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து கடிகாரம் பழுதுபார்த்த நிலவறையில் வைத்திருக்கிறார்.

"நாலுக்கு மேல வந்தா உடனே ஏதாவது செய்யணுமாம். முப்பத்தொண்ணு வந்துச்சு. யாருக்குச் செய்யறது? மனுஷன்தான் போயாச்சே."

நான் படிவத்தில் எழுதிக்கொண்டேன்: 'வாடிக்கையாளர் சற்றே கவலைப்படுகிறார்.'

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். பென்சிலால் அவரே வரைந்த படம். அடியில் நாலு அங்குலம் ஜல்லி. அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் கான்கிரீட் தரை. ஜல்லியிலிருந்து கிளம்பி, வீட்டை ஊடுருவி, கூரைக்கு மேலே தலைநீட்டும் ஒரு குழாய். பரணில் ஒரு விசிறி.

"கீழேர்ந்து வர்றத வீட்டுக்குள்ள விடாம உறிஞ்சி, மேல கொண்டு போய் விட்டுரணும். அவ்ளோதான். வேற எதுவும் எனக்கு வேணாம். கல்லு நீங்களே ஏதாவது ஒண்ண வெச்சிக்கங்க."

இவ்வளவு எளிய கோரிக்கையை எளிதாக நிறைவேற்றினால் நிறுவனத்தின் மதிப்பு என்ன ஆவது? எங்கள் முதலாளி ராய்ஸ் டெர்போர்க் உடனே 'ரேடான் தணிப்பு உயர்மட்டத் திட்டக் குழு'வை அமைத்தார். ரேடான் இருப்பது நிலவறையில். குழு கூடியது இரண்டாம் மாடியில். அந்த வகையில் அது உயர்மட்டம்தான்.

முதல் கூட்டத்தில் குழாயின் நிறம் ஆராயப்பட்டது.

"வெள்ளைதானே?" என்றார் தள மேற்பார்வையாளர் வெர்ஜில் மாஸ்.

"என்ன வெள்ளை வெர்ஜில்? முட்டை ஓடா, பாலேடா?" என்று கேண்டஸ் மடக்கினார்.

ஒன்றரை மணி நேர விவாதத்துக்குப் பின் பாலேடு வென்றது.

இரண்டாம் கூட்டம் விளம்பரப் புத்தகத்துக்கானது. 'ரேடானுக்குத் தயாரான இல்லம்' என்ற சொற்றொடரை முதலாளியே உருவாக்கினார்.

"சார், ரேடானை வரவேற்கத் தயாரா இருக்குற மாதிரி அர்த்தம் வருதே?" என்றார் கேண்டஸ்.

"வாங்க வர்றவன் அவ்ளோ யோசிக்க மாட்டான். எல்டன், பெரிய எழுத்துல போடு."

போட்டேன். அந்த வாசகத்தில் துளியும் பொய் இல்லை என்பது பின்னால் எங்களுக்கு விளங்கியது.

மூன்றாம் கூட்டத்தில்தான் வெர்ஜில் கை தூக்கினார்.

"சார், அந்தம்மா வீட்டுக்குத் தரை போட்டாச்சு."

"எப்ப?"

"மூணு மாசமாச்சு, ஒரு வியாழக்கிழமை. கான்கிரீட் வண்டி வந்து நின்னுச்சு. கலவைய எவ்ளோ நேரம் சுத்த விடறது?"

"ஜல்லி?"

"ஜல்லி வண்டி வரல."

"விரிப்பு?"

"அது வந்துச்சு சார். ஆனா அன்னைக்கு மழை. மரச்சட்டம் நனையுதேன்னு எடுத்து மூடிட்டாங்க."

முதலாளி கண்ணை மூடினார். பெரிய முடிவுகளை அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுப்பார்.

"குழாய் இருக்கா?"

"இருக்கு சார். பாலேடு."

"அப்ப நிறுத்து."

"எங்க சார்? தரையில ஓட்டையே விடலியே. வேணும்னா ஒரு நாள் குடுங்க, தொளை போட்டு..."

"தொளை போட்டா தூசி பறக்கும், சுவர்ல பெயிண்ட் அடிச்சாச்சு. தரைமேல நிறுத்தி ஒட்டு. அந்தம்மா வந்து பாக்குற இடத்துல நிறுத்து."

கூட்டக் குறிப்பில் 'தள நிலவரத்துக்கேற்ப வடிவமைப்பு செம்மைப்படுத்தப்பட்டது' என்று எழுதினேன். முன்னால் கட்டிய நாற்பத்தொரு வீடுகளிலும் இதே குழாயை இதே மாதிரி தரைமேல் ஒட்டிச் செம்மைப்படுத்தினோம். வீட்டுக்கான ரேடான் பாதுகாப்புச் சான்றிதழில் 'ஜல்லிப் படுகையை நேரில் கண்டேன்' என்று கையெழுத்திட்டேன். ஜல்லியை நேரில் கண்டது உண்மை. பக்கத்து ஊர்ச் சாலையில் கண்டேன்.

அடுத்து அறிவியல் சோதனை. கதவு ஜன்னலை அடைத்து, நிலவறையில் இரண்டு நாள் டப்பாவை வைக்க வேண்டும் என்பது விதி. புதுப் பெயிண்ட் வாடை போகட்டும் என்று நாங்கள் எல்லா ஜன்னல்களையும் திறந்து, டப்பாவை மாடி ஜன்னல் விளிம்பில் வைத்தோம். புள்ளி நாலு வந்தது.

"வெளிக்காத்து மாதிரி சுத்தமா இருக்கே!" என்று முதலாளி வியந்தார்.

"அது வெளிக்காத்துதான் சார்," என்றார் வெர்ஜில்.

நான்காம் கூட்டத்துக்கு வெர்ஜிலை அழைக்கவில்லை.

சாவி கொடுக்கும் நாளில் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தோம். மார்லிஸ் அதைக் குனிந்து கடந்து, கருங்கல் மேடையைத் திரும்பியும் பாராமல், நேராக நிலவறைக்கு இறங்கினார். நாங்கள் பின்னால் ஓடினோம். குழாய் மூலையில் பாலேடாக நின்றது. மேலே பரணில் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கணவரின் தோளைத் தொடுவது போல அவர் குழாய்மேல் கையை வைத்தார். பிறகு தட்டிப் பார்த்தார். பிறகு பூட்ஸ் காலால் அடியில் ஓர் உதை விட்டார்.

குழாயின் அடி ஒரு சாண் நகர்ந்தது. அது நின்ற இடத்தில் வழுவழுவென்று தரை.

"ராய்ஸ், இங்க வா."

முதலாளிக்கு ஐம்பது வயது. ஐந்தாம் வகுப்புப் பையன் நடை நடந்து வந்தார்.

"இது எங்க போகுது?"

"மேல போகுது, மிஸஸ் நட்ஸன்."

"மேல போறது தெரியுதுடா. எங்கேர்ந்து போகுது?"

"இங்கேர்ந்துதான்."

"என் பஸ்ல சீட்டுக்கடியில சூயிங்கம் ஒட்டிட்டு எறங்குவியே, ஞாபகம் இருக்கா? இன்னும் ஒட்டிக்கிட்டுத்தான் திரியற."

என் துறை தலையிட வேண்டிய கட்டம். "மேடம், இது சின்ன தொழில்நுட்ப விஷயம், உங்க மனநிம்மதிக்காக நாங்க..." என்று தொடங்கினேன்.

அவர் என் கையிலிருந்த சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "இந்தக் கையெழுத்து உன்னதா எல்டன்?"

"ஆமா மேடம்."

"டெல்மரோட சவப்பெட்டிய ஒரு பக்கம் நீதானே தூக்கின?"

அதற்கான படிவம் என்னிடம் இல்லை.

அவர் சாவியை வாங்கவில்லை, கத்தவும் இல்லை. நிலவறைப் படியில் உட்கார்ந்துகொண்டார். "தரைய தோண்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்," என்றார். முதலாளி அவசரக் கூட்டத்துக்கு ஆள் திரட்டப் போனார். கூட்டம் கூடுவதற்குள் வெர்ஜில் துளைபோடும் இயந்திரத்தோடு வந்துவிட்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தரையைத் துளைத்து, இரண்டு வாளி மண் அள்ளி, பள்ளத்துக்குள் குழாயை இறக்கி, சுற்றிலும் விரிசல்களை எல்லாம் அடைத்தார். மாலைக்குள் முடிந்துவிட்டது. மார்லிஸ் டார்ச் பிடித்தார். ஜன்னல்களை அடைத்து அவரே டப்பா வைத்தார். ஒன்றரை வந்தது. அந்த வாரமே குடிவந்துவிட்டார்.

விதிமுறைப்படி நடக்காத வெர்ஜிலை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. பிறகு, இப்படி ஒரு அவமானம் எப்படி நேர்ந்தது என்று ஆராய உயர்மட்ட விசாரணை நடத்தினோம். விசாரணை உண்மையைக் கண்டுபிடித்தே விட்டது: பசை போதவில்லை.

எந்த நிறுவனமும் செய்யாததை நாங்கள் செய்தோம். மற்ற நாற்பத்தொரு வீடுகளுக்கும் 'இலவசக் குழாய்ப் பராமரிப்பு' அறிவித்தோம். லாரி இடித்தாலும் அசையாத பசையோடு வீடு வீடாக என்னை அனுப்பினார் முதலாளி. மக்கள் வாயார வாழ்த்தினார்கள். இருபத்தேழாவது வீட்டில் பிரிட்டா ஹாகன் என்ற இளம் தாய், பட்டை மணக்கும் சுருள் ரொட்டியைச் சூடாகத் தட்டில் வைத்துத் தந்தார். நிலவறையைப் பிள்ளைகளின் படுக்கையறையாக மாற்றியிருந்தார்கள். குழாயைச் சுற்றிக் காகிதச் சூரியகாந்திப் பூக்கள்.

"இவ்ளோ அக்கறையா எந்தக் கம்பெனி இருக்கு சொல்லுங்க? புள்ளைங்க இங்கதான் தூங்குறாங்க. குழாய் இருக்கறதால எனக்குக் கவலையே இல்ல."

ரொட்டியைத் தின்றுவிட்டு, மண்டியிட்டு, குழாயின் அடியைச் சுற்றிப் பசை பூசினேன். ஆறு வயதுப் பெண் ஒருத்தி கட்டிலிலிருந்து தலையை நீட்டி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அங்கிள், நாத்தம் அடிக்குது."

"அது பசை பாப்பா. நாளைக்குள்ள காஞ்சிரும். அப்புறம் இங்க எந்த நாத்தமும் வராது. உனக்கு ஒண்ணுமே தெரியாது."

அந்த நாற்பத்தொரு வீடுகளில் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.