ஏரியை இரண்டாகப் பிரித்த மாமனார்

பொய் சொல்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. கேட்பவர் நேரில் போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்தபோது என் மாமனார் முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். பிறந்த வீடு சத்தியவேடு, புகுந்த வீடு கார்வேட்டிநகரம். ஊர்ப் பெருமை பேசுவதில் மாமனாரை மிஞ்ச ஆளில்லை. எங்க ஊர் அரண்மனை, எங்க ஊர்க் குளம் என்று தினமும் சோற்றோடு சேர்த்துப் பிசைவார். ஒருநாள், "உங்க பக்கம் இன்னாம்மா இருக்குது, கல்லும் கள்ளியும்தானே?" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பழவேற்காட்டு ஏரி இருக்குது மாமா! வடக்குக் கரையில நின்னா கடலாட்டம் இருக்கும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வழிப்போக்கர் தங்குவதற்கு வெள்ளைத் தூண் வைத்த முசாபரி பங்களா, தின்ன மாங்காய் போட்ட எறாக் குழம்பு, பார்க்க ரோஜாப்பூ நிறத்தில் லட்சம் நாரைகள், அந்தக் கரையில் என்னைப் பெற்ற நைனாவைத் தெரியாத ஆளே கிடையாது என்று அடுக்கிவிட்டேன். (நான் அந்த ஏரியைக் கண்ணால் கண்டதில்லை. உப்பு வண்டிக்காரர் சொல்லிக் கேட்டதோடு சரி. நைனாவோ சத்தியவேட்டைத் தாண்டினால் வழி கேட்பவர்.)

"அப்ப தை மாசம் எல்லாரும் போலாம்," என்றார் மாமனார்.

போனோம். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான். புத்தூரில் ரயிலேறி, இரண்டு இடத்தில் மாறி, சூளூர்ப்பேட்டையில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து ஏரிக்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முசாபரி பங்களா நிஜமாகவே இருந்தது! தூணும் இருந்தது, வெள்ளைதான் இல்லை. ஆனால் காவல்காரர் வாசலில் மறித்தார்.

"இது ஆபீசருங்களுக்கு மட்டும்தாம்மா."

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் அதற்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்ற பேச்சு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. கோட்டும் தலைப்பாகையுமாக வண்டியிலிருந்து இறங்கிய மாமனாரைக் காவல்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "எல்லை விசயமா வர்றாங்கன்னு சொன்னாங்களே, அந்த ஆபீசருகாரு இவருதானா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். மாமியாருக்கோ இடுப்பு வலி, நிற்க முடியவில்லை.

"ஆமா," என்றேன். ஒரே ஒரு வார்த்தை.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஐம்பது பேர், கையில் சாமந்தி மாலையோடு. மாமனார் தலை குனிந்து கழுத்தில் வாங்கிக்கொண்டார். "உங்க நைனாவுக்கு இம்மாம் செல்வாக்கா! நான் நம்பவே இல்லம்மா," என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு மாதத்தில் என் பிறந்த வீட்டை அவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

மீனவர் ஒருவர் முன்னால் வந்து, "ஐயா, எங்க போடலாம்னு இருக்கறீங்க?" என்றார். அவர் கேட்டது எல்லைக்கோட்டை. மாமனாருக்கு அது பசி வேளை. பந்திப் பாயைக் கேட்கிறார் என்று நினைத்தார்.

"ஏரிக்கு நேரா, நடுவுல போடுங்க. நல்லா காத்து வரும்."

கூட்டம் கொதித்துவிட்டது. செங்கம்மா என்ற மீன்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "நடுவுல போட்டா எம் புருசன் மெட்ராஸ்ல மீன் புடிச்சி ஆந்திராவுல துன்னணுமா?" என்றாள். விருந்து வைக்கிற இடத்தில் சண்டை எதற்கு என்று மாமனார் இறங்கி வந்தார்.

"சரி, ஓரமாத்தான் போடுங்களேன்."

"எந்த ஓரம்?" என்று ஐம்பது குரல்கள்.

நேரில் பார்த்துச் சொல்லட்டும் என்று எங்களைப் படகில் ஏற்றினார்கள். கொஞ்ச தூரத்திலேயே தரை தட்டியது. (நான் கடலாட்டம் என்று வர்ணித்த ஏரியில் அந்த இடத்தில் என் கொலுசு நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர்.) மாமனார் கம்பீரமாகக் காலைக் கீழே வைத்தார். சேறு அவரை முழங்கால் வரை வாங்கிக்கொண்டது. ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. தூரத்தில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு நாரைக் கூட்டம் எழும்பி வானத்தையே மறைத்தது. லட்சம் இருக்கும். பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது.

"நெச ஆபீசரு இங்க வந்துட்டாரு! அங்க நிக்கறவரு யாரு?" என்று காவல்காரர் கத்தினார்.

எல்லா முகமும் மாமனார் பக்கம் திரும்பியது. மாமனார் முகம் என் பக்கம் திரும்பியது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன்: காவல்காரரிடம் சொன்ன ஆமா, நைனாவின் செல்வாக்கு, ஏரியையே பார்த்ததில்லை என்பது வரை. மாமனார் மாலையைக் கழற்றி அதனாலேயே காலைத் துடைத்தார். திரும்பும் வழியில் என்னைச் சத்தியவேட்டிலேயே விட்டுவிடுவார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் சிரித்தது மாமியார். "முப்பது வருசமா ஊட்டுல ஒரு பானைய எங்க வெக்கறதுன்னு கூட எங்கிட்ட கேக்காம முடிவு பண்ற மனுசன், ஏரியவே வெட்டிட்டாருடி!" என்றார். படகே ஆடியது. என் வீட்டுக்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

நிஜ ஆபீசரைச் சமாளிக்க ஊரே போய்விட்டது. செங்கம்மா மட்டும் எங்களைக் கூட்டிப்போனாள். "ஆபீசரு இல்லன்னா வவுறு இல்லாம பூடுமா? வாங்க, துன்னுட்டுப் போங்க." எறாக் குழம்பு. மாங்காய் இல்லை. (தையில் ஏது மாங்காய்? யோசிக்காமல் விட்ட பொய்.) மாமனார் மூன்று தடவை சோறு வாங்கினார். கை கழுவும்போது என்னைப் பார்த்து, "கொழம்பு மட்டும் நெசம்மா," என்றார். அவர் திட்டியது அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து எல்லை முடிவாகி, பத்திரிகையில் படம் வந்தது. கோடு ஏரியின் தெற்குப் பக்கமாகப் போயிருந்தது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டானுங்க," என்றார். அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்னைக் கேட்டுக்கினுதான் போட்டாங்க," என்று சொல்ல ஆரம்பித்தார்.

என் மகன் அஞ்சாவது படிக்கும்போது வகுப்பில் எழுந்து நின்று, எங்க தாத்தாதான் ஏரியைப் பிரித்தார் என்று சொல்லியிருக்கிறான். வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டார். "நெசமாம்மா?" என்றார். நாற்காலியில் இருந்த மாமனார் விசிறியை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன்.

கார்வேட்டிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் கதவு எண் சொல்லிப் புண்ணியமில்லை. ஏரியைப் பிரித்தவர் வீடு என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள்.