பைக்குள் இருந்த வடக்கு

அன்றைக்குக் காட்டுக்குள் போனவர்கள் மொத்தம் ஒன்பது பேர். தாவரவியல் பேராசிரியர், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை பிரகாஷ், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என்மேல் பாயக்கூடிய ஆறு மாணவர்கள், இவர்களுக்கெல்லாம் வழிகாட்டியாக நான். வராதவர் ஒரே ஒருவர்: என் அக்கா அஞ்சலை. வராதே என்று சொன்னவனும் நான்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தொண்ணூறுகளின் கடைசி. மனசு முழுக்க ஒரே ஓர் ஆசை: பனி பார்க்க வேண்டும். மார்கழி விடியலில் வைக்கோல் போர்மேல் ஈரமாகக் கிடக்குமே, அது இல்லை. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாக விழுந்து, மலையையே மூடுகிற பனி. ஏழாம் வகுப்புப் புவியியல் புத்தகத்தில் இமயமலையின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருந்தது. அச்சு சரியாக விழாததால் அது மலையா, மாவு மில்லில் கொட்டிய குவியலா என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தைக் கிழித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டவன் நான். (புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வாங்கிய அடி தனிக் கதை.)

எங்கள் கல்லூரி மலையேற்றக் குழுவிலிருந்து ஒரு மாணவனை இமயமலைப் பயிற்சி முகாமுக்கு அனுப்புவதாக இருந்தது. செலவு முழுவதும் கல்லூரியுடையது. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நானும் பிரகாஷும் நின்றோம். பேராசிரியர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஏழுமலை, உங்க ஊர்ப் பக்கம் காடு இருக்கில்ல? எங்களை ஒருநாள் கூட்டிட்டுப் போ. ஒழுங்கா உள்ள கூட்டிட்டுப் போய் ஒழுங்கா வெளிய கொண்டாந்துட்டேன்னா, உன் பேரை எழுதிடறேன்."

இருளர் பையனுக்குக் காடு தெரியாமலா இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. உண்மையில் எனக்குத் தெரிந்தது விடுதி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து காஞ்சிபுரத்து அரசு விடுதிச் சோறு. காடு தெரிந்தவள் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். விறகு, கிழங்கு, அறுப்புக் காலத்தில் வரப்பு தோண்டி எலி பிடிப்பது என்று அவள் நாள் முழுக்க வெளியில்தான். நான் படிக்க வேண்டும் என்பதற்காக அவள் படிக்கவில்லை. இதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் எனக்கு அது நினைவில் இருந்ததும் இல்லை.

எனக்கு நினைவில் இருந்தது கையேடு. பயிற்சி வகுப்பில் கொடுத்த வழவழ அட்டைப் புத்தகம். காட்டில் மாட்டிக்கொண்டால் தண்ணீர் எடுப்பது எப்படி, திசை பார்ப்பது எப்படி, உதவிக்குக் கூப்பிடுவது எப்படி என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதியவர் குளிர்ப் பிரதேசத்துக்காரர் போலிருக்கிறது. கரடியைக் கண்டால் என்ன செய்வது, பனிக்குள் குகை தோண்டுவது எப்படி என்று எட்டுப் பக்கம். அந்த எட்டுப் பக்கமும் எனக்கு மனப்பாடம். உத்திரமேரூர் தாலுகாவில் பனிப்புயல் அடித்திருந்தால் அன்றைக்கு ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் காப்பாற்றியிருப்பேன்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா கேட்டாள்.

"நாளிக்கு நானும் அந்தக் காட்டுக்குத்தான்டா விறகுக்குப் போறேன். உங்ககூடவே வரட்டா?"

"வேணாம்கா. காலேஜு பசங்கள்லாம் வராங்க."

"வந்தா இன்னா? நான் இன்னா கடிச்சா வெச்சிருவேன்?"

நான் கையேட்டைப் புரட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாள்.

"சரி, அந்த மலைக்குப் போனா எனக்கு இன்னா எட்த்துக்கினு வருவ?"

"இன்னா வேணும், சொல்லு."

"அந்தப் பனி கொஞ்சம்."

"கரைஞ்சிடும்கா."

"நம்ம தூக்குச் சட்டி மூடி இறுக்கமாத்தான்டா கீது."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சின்னக் கடப்பாறையை எடுத்து வந்து என் பைக்குள் சொருகினாள். எலி வளை தோண்டுகிற அதே கடப்பாறை. அப்பா காலத்திலிருந்து மண்ணில் குத்திக் குத்தி முனை மழுங்கியது. நான் வெளியே எடுத்தேன். அவள் திரும்ப உள்ளே வைத்தாள். நான் எடுத்தேன். அவள் வைத்தாள்.

"இது இல்லாம நம்ம ஆளுங்க யாரும் காட்டுல காலு வெச்சதில்ல. வாய மூடிக்கினு எட்த்துக்கினு போ."

பசங்க கண்ணில் பட்டால் 'எலிக்காரன்' என்று பட்டம் கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில், கடப்பாறையைத் துண்டில் சுற்றிப் பைக்குள் சாய்த்து மறைத்தேன். மேலே சாப்பாட்டு டப்பா, அதற்கும் மேலே கையேடு.

மறுநாள் பேருந்து தாமதமாகி, மானாம்பதி தாண்டி நாங்கள் இறங்கும்போதே மணி பத்தரை. திட்டம் எளிது. நேர் வடக்கே ஒருமணி நேரம் நடந்தால் பழைய மண்டபம். மண்டபத்தை ஒட்டித் தார்ச்சாலை. என் கழுத்தில் விசில், கையில் திசைகாட்டி. 'திசைகாட்டியைச் சமமான பரப்பில் வைத்தே பார்க்கவும்' என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கையேட்டை மீறுகிறவனா நான்? கால்மணிக்கு ஒருமுறை எல்லோரையும் நிற்க வைப்பேன். பையைக் கழற்றித் தரையில் படுக்க வைப்பேன். அதன்மேல் திசைகாட்டியை வைத்து, ஒரு காலை மடக்கிக் குனிந்து, சாமி உத்தரவு கேட்பது போல முள் நிற்கும்வரை காத்திருப்பேன். நின்றதும் கையை நீட்டி, "வடக்கு!" என்பேன்.

முதல் வடக்கில் கற்றாழைப் புதர். அடுத்த வடக்கில் ஒரு புற்று. அதற்கடுத்த வடக்கிலும் ஒரு புற்று.

"டேய் ஏழு, இந்தப் புத்து நம்ம பின்னாலயே வருதுடா," என்றான் பிரகாஷ்.

"காட்டுல எல்லாப் புத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"எல்லாப் புத்து மேலயும் நான் குடிச்சுப் போட்ட ஜூஸ் பாக்கெட்டும் இருக்குமா?"

பேராசிரியர் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். "ஏழுமலை, சூரியனை வெச்சுப் பார்த்தா..."

"சூரியன் உச்சியில இருக்கு சார், அது ஏமாத்தும். முள்ளு ஏமாத்தாது."

(இந்த வாக்கியத்தைத்தான் எங்கள் வகுப்பில் கடைசிவரை கரும்பலகையில் எழுதிவைத்தார்கள்.)

ஒருமணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. நான் கலங்கவில்லை. கையேட்டில் வழி இருக்கிறது: குழி தோண்டி, நடுவில் டம்ளர் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, தாளின் நடுவில் ஒரு கல். வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகித் தாளில் படிந்து டம்ளரில் சொட்டும். பங்குனி வெயிலில் மண் கருங்கல்லாக இருந்தது. சாப்பாட்டு டப்பா மூடியால் சுரண்டினேன். முக்கால் மணி நேரத்தில் ஒரு முழம்கூடப் போகவில்லை.

"ஒரு கடப்பாறை இருந்தா ரெண்டு நிமிஷ வேலை," என்றான் பிரகாஷ்.

"கடப்பாறையா? அதெல்லாம் காட்டுக்கு யாருடா எடுத்துட்டு வருவாங்க?" என்றேன். என் பை எனக்கு இரண்டடி தள்ளிக் கிடந்தது.

இன்னொரு முக்கால் மணி கழித்து டம்ளரில் நான்கு சொட்டுத் தண்ணீரும் ஒரு வண்டும் சேர்ந்திருந்தன. மரியாதை தெரிந்தவன் என்பதால் சாரிடம் நீட்டினேன். அவர் வண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே இமயமலை பாதி கரைந்துவிட்டது.

மிச்சம் இருந்தது விசில். ஆபத்து என்றால் மும்மூன்றாக ஊத வேண்டும். ஊதினேன். யாரும் வரவில்லை. திரும்ப ஊதினேன். அரைமணி நேரம் ஊதி, உதடு வீங்கி, விசிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, "யாராச்சும் கீறீங்களா?" என்று கத்தினேன். விடுதியில் எட்டு வருஷம் தேய்த்துத் தேய்த்துப் போக்கிய 'கீறீங்களா' அன்றைக்குத் தானாக வாயில் வந்தது.

புற்றுக்குப் பின்னாலிருந்த புதர் அசைந்தது. விறகுக் கட்டும் அரிவாளுமாக அக்கா எழுந்து நின்றாள்.

"அடப் பாவி, நீயா? நான் கார்டு விசிலுன்னு நெனைச்சு அரை அவரா பொதருக்குள்ள குந்திக்கினு கீறேன்! விசிலு ஊத ஊத இன்னும் உள்ள உள்ள போறேன், காலெல்லாம் முள்ளு!"

விறகு பொறுக்குகிறவர்களுக்கு விசில் என்றால் வனக்காவலர். உதவி நாற்பதடி தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது. ஊதி ஊதி அதைத் துரத்திக்கொண்டிருந்தவன் நான்.

"யாரும்மா நீங்க?" என்றார் பேராசிரியர்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. இன்றைக்கும் அதை எண்ணிப் பார்க்கத் துணிந்ததில்லை.

"வெறகுக்கு வந்தவ சார்," என்றாள். "தண்ணி இல்லியா உங்களாண்ட? வாங்க."

பத்துத் தப்படியில் வறண்ட ஓடை ஒன்று. அதன் வளைவில் ஓரிடத்தைக் காலால் தட்டிப் பார்த்தாள். மேல் மண் காய்ந்து ஓடாகியிருந்தது.

"தோ, அந்தத் தம்பி பையில இரும்பு எதனா இருந்தா குடுக்கச் சொல்லுங்க."

எட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. பையைத் திறந்து, துண்டைப் பிரித்து, கடப்பாறையை உருவினேன். அப்போது திசைகாட்டி பிரகாஷின் உள்ளங்கையில் இருந்தது. நான் கடப்பாறையோடு இந்தப் பக்கம் போனேன். முள் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் பக்கம் போனேன்; அதுவும் வந்தது, சோறு போட்டவனைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி.

"சார்," என்றான் பிரகாஷ் மெதுவாக. "வடக்கு இவன் பையில இருக்கு சார்."

மண்ணில் வருஷக்கணக்காகக் குத்திய இரும்பு காந்தமாகிவிடும் என்று பேராசிரியர் விளக்க ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. சிரிப்பில் ஓடை மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டரை மணி நேரமாகப் பையை எப்படிப் படுக்க வைத்தேனோ, அதுவே வடக்கு.

அக்கா நான்கு குத்துக் குத்திக் கையால் மணலை அள்ளினாள். குழியில் நீர் ஊறித் தெளிந்தது. டப்பா மூடியில் மொண்டு முதலில் சாருக்கு, பிறகு ஒவ்வொருவருக்காக. கடைசியில் என்னிடம் நீட்டினாள்.

"குடிங்க தம்பி."

பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' என்று மட்டுமே கூப்பிட்டவள். அந்த 'ங்க'வைக் கேட்டதும் மூடியைக் கையில் வாங்கி அப்படியே பிடித்திருந்தேன்.

"ஆமா, இவன் பையில இரும்பு இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அவங்கதான் சார் வெச்சாங்க," என்றேன். "எங்க அக்கா."

"அப்பாடா," என்றாள் அவள். "இப்பவாச்சும் வாய் வந்துச்சே. குடிடா, தண்ணி போவுது பாரு."

காட்டை விட்டு வெளியே வர அவளுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. தலையில் விறகுக் கட்டோடு அவள் முன்னால் நடக்க, ஒன்பது பேரும் வரிசையாகப் பின்னால் போனோம்.

இமயமலைக்குப் பிரகாஷ் போனான். திரும்பி வந்து, "குளிர்டா" என்ற ஒரே வார்த்தையில் பயணத்தை முடித்துவிட்டு, ஒரு புகைப்படம் கொடுத்தான். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "உப்பு கொட்டி வெச்ச மாரி கீது," என்றாள். அவ்வளவுதான், தூக்கைப் பற்றி அவள் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது எனக்குத் தாலுகா அலுவலகத்தில் வேலை. ஊரில் யார் வந்து வழி கேட்டாலும், "ஏழுவக் கேளு, பைய எறக்கி வெச்சிட்டுச் சொல்லுவான்," என்பார்கள். நேற்றுப் பிறந்த அக்கா மகன்வரை எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். ஊர்ப் பேச்சு கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கோடையில், அலுவலகச் சுவரில் மாட்டிய நாள்காட்டியில் மலைப் படம் வரும் மாதத்தில், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பேன்.

போன வருஷம் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினேன். எங்கள் தெருவுக்கு அதுதான் முதல். ஒரு வாரத்தில் ஃப்ரீசர் சுவரில் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்தது. அக்கா வந்தாள். தூக்கைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். கரண்டியால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து, கன்னத்தில் தேய்த்துக்கொண்டாள். கண்ணை மூடி அப்படியே நின்றாள்.

"இதானாடா அது?"

"இதான்கா," என்றேன், பார்த்தவன் மாதிரி. "அங்க கொஞ்சம் அதிகமா இருக்கும், அவ்ளோதான்."

மீதியைச் சுரண்டித் தூக்கில் போட்டு, மூடியை இறுக்கி அழுத்தி, வெயிலில் இறங்கி வேகமாக நடந்தாள். அவள் வீட்டுக்கு ஏழு நிமிஷ நடை.

ஆக மொத்தம் அந்தப் பனிக்கு எட்டாயிரத்து நானூறு ரூபாய். வண்டிக் கூலி தனி.