தங்க ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி

அலை ஐயா வந்துட்டார்னா அந்தத் தொழிற்பேட்டையே கைகட்டி நிக்கும். பவர் சப்ளை பெட்டி செய்யறவங்க, இன்வெர்ட்டர் விக்கறவங்க, எல்லாரும் வெடிச்சுப்போன பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைச்சுக்கிட்டு வரிசையில நிப்பாங்க. படிச்சவங்கதான். பட்டத்தைச் சுவர்ல மாட்டி வெச்சிருக்காங்களே.

ஐயா ஒரு செப்புக் குண்டை நூல்ல கட்டிப் பெட்டிமேல தொங்க விடுவார். குண்டு ஆடும். நூல்ல தொங்கறது ஆடாம பின்ன பாட்டா பாடும்? "கெட்ட அலை"ம்பார். பெட்டியைத் தன் ரூமுக்கு எடுத்துட்டுப் போய், நல்ல அலை ஏத்தி, தங்கக் கலர் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பித் தருவார். அப்புறம் அது வெடிக்காது. நிஜமாவே வெடிக்காது. அங்கதான் எல்லாரும் விழுந்தாங்க.

ஒரு கம்பெனியில மாட்டினது டெஸ்டிங் மேடம். முதலாளி அவங்க கூடப்பிறந்த அக்காவோட புருஷன். செஞ்சு முடிச்ச பெட்டியை ஆன் பண்ணி ஓட்டிப் பார்க்கறது மேடம் வேலை. அதனால எது வெடிச்சாலும் அவங்க கையிலதான் வெடிக்கும். உள்ள, கரண்ட் வெளிய போற இடத்துல அதைக் கொஞ்சம் தேக்கி வெக்கற கெபாசிட்டர்னு ஒரு குட்டி டப்பா, தலை உப்பி டப்புனு போயிடும்.

ஐயா கம்பெனிக்கே வந்தார், வரிசையும் பின்னாலயே வந்துச்சு. குண்டை மேடம் கைமேல பிடிச்சார். ஆடுச்சு. "இந்தக் கைதான்."

"அத்தான், பெட்டி குடுக்கறது இருபத்துநாலு வோல்ட். நீங்க வாங்கினது இருபத்தஞ்சு தாங்கற கெபாசிட்டர். ஆன் பண்றப்போ வோல்ட் ஒரு துள்ளு துள்ளும், சூடு வேற. முப்பத்தஞ்சு போடுங்கன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"இருபத்துநாலை விட இருபத்தஞ்சு பெருசுதானேம்மா? எனக்கும் கணக்கு தெரியும்."

"மூச்சை இழுத்துப் பிடிச்சா மட்டும் பட்டன் மாட்டற பேண்ட்டைப் போட்டுக்கிட்டு விருந்துக்கு உக்காருவீங்களா?"

பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அத்தான் வயித்தை உள்ள இழுத்தார்.

"சரி, ஐயா ஒட்டின பெட்டி ஏன் வெடிக்கல? அதுக்குப் பதில் சொல்லு."

மேடம், பக்கத்து மேஜையில ஓடிக்கிட்டிருந்த ஐயா ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியைத் திரும்பிப் பார்த்தாங்க.

"இந்த வாரத்தோட நின்னுக்கோ. உங்கக்காகிட்ட நான் பேசிக்கறேன்."

மேடம் அழல. ஐயா பக்கம் திரும்பினாங்க. "சக்தி பூரா ஸ்டிக்கர்லதானேங்க?"

"அதுல என்ன சந்தேகம்!"

கேட்ட கையோட, ஓடிக்கிட்டிருந்த பெட்டியை நிறுத்தி, ஸ்டிக்கரை உரிச்சு, அலமாரியில இருந்த, ஐயா கையே படாத வேற பெட்டிமேல ஒட்டினாங்க.

"ஐயோ, உரிச்சா அலை போயிடும்!"

"போகட்டுங்க. அப்போ உரிச்ச பெட்டி வெடிக்கணும். ரெண்டையும் முழு லோடுல ஓட்டிப் பார்ப்போம். என் கைதான் ஆகாதே, சுவிட்சை நீங்களே போடுங்க."

கூட்டம் பார்க்குது. ஐயா வேற வழியில்லாம போட்டார். கொஞ்ச நேரம் ரெண்டும் ஓடுச்சு. அப்புறம் டப்! ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி. நாத்தம் மூக்கைத் துளைச்சுது. உரிச்ச பெட்டி பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

மேடம் அதை அணைச்சு, ஆற விட்டு, மூடியைக் கழட்டினாங்க. உள்ள நெட்டையா ஒரு கெபாசிட்டர். ஐம்பது வோல்ட்னு மேலயே அச்சடிச்சிருந்துச்சு.

"இதை நான் வாங்கவே இல்லையே," அத்தான் குரல் உள்ள போயிடுச்சு.

"ரூம்ல ஏத்தினது அலை இல்ல அத்தான். மாத்திப் போட்டிருக்கார்."

ஆக, அந்தக் கம்பெனியில விஷயம் புரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தரை வெளிய போகச் சொன்னாங்க. இன்னொருத்தருக்கு நாற்காலி போட்டாங்க.

திரும்பிப் பார்த்தா நாற்காலி காலி. ஐயா குண்டைக்கூட எடுக்காம நழுவிட்டார்.

"நீ எங்கேயும் போக வேணாம்மா," அத்தான் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

"முதல்ல முப்பத்தஞ்சு வாங்குங்க. அப்புறம் பேசலாம்."

வரிசையில இருந்த ஒருத்தர் மெதுவா கேட்டார்: "அந்த ஸ்டிக்கர் மிச்சம் இருக்குங்களா?"

கெபாசிட்டர் எவ்வளவு தாங்கும்னு அதுமேலயே எழுதித்தாங்க விக்கறாங்க. படிக்க அலை வேணாம், கண்ணு போதும். கண்ணுக்குப் பின்னால மூளைன்னு ஒண்ணு சும்மாதான் கிடக்கு. அதையும் அப்பப்போ ஆன் பண்ணிப் பாருங்க, வெடிச்சுடாது.