மானாவாரி மேதை

மழை தவறிய வருடத்திலும் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் தவறாமல் விளைவது ஒன்று உண்டு. சோளம் என்பீர்கள்; இல்லை. கம்பு என்பீர்கள், அதுவும் இல்லை. இதற்கு உழவு வேண்டாம், உரம் வேண்டாம். ஒரு கைபேசியும் மாதாமாதம் ஓய்வூதியமும் இருந்தால் போதும், தானாகத் தழைத்துவிடும். இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மானாவாரி மேதை.

மானாவாரி என்ற சொல்லுக்கு நம் பக்கம் இரண்டு பொருள் உண்டு. வானத்தை மட்டும் நம்பி விதைப்பது ஒன்று. ‘மனுசன் மானாவாரியாப் பேசுறாப்ள’ என்று டீக்கடையில் சொல்கிறார்களே, வரைமுறை இல்லாமல் என்ற அர்த்தத்தில், அது இன்னொன்று. முதல் பொருளைப் பற்றி இரண்டாம் பொருளில் பேசுகிறவரே நம் மேதை.

அவரைக் கண்டுபிடிப்பது எளிது. ‘சாப்டீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு ‘ஆச்சு’ என்ற ஒரு சொல்லே விடை. மேதையோ, ‘என்ன சாப்டேன்னு கேளுங்க’ என்பார். நீங்கள் கேட்காவிட்டாலும் விடை வரும். காலையில் வரகுப் பொங்கல், பதினோரு மணிக்குக் கம்பங்கூழ், மாலையில் சாமை மிக்சர், அந்த மிக்சர் இருக்கும் எவர்சில்வர் டப்பா, அந்த டப்பா இருக்கும் துணிப்பை, அந்தத் துணிப்பையில் அச்சடித்திருக்கும் வாசகம், அந்த வாசகத்தை அவரே யோசித்த விதம் என்று நீங்கள் ஏற வேண்டிய பேருந்து போய், அடுத்த பேருந்தும் போகிற வரைக்கும் வரும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவரின் கரண்டியைப் பாதி வழியில் நிறுத்தி, ‘தம்பி, இது பட்டை தீட்டுன அரிசியா?’ என்று விசாரிப்பார். ‘தெரியாதுங்கய்யா, வெந்த அரிசி’ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். துக்க வீட்டிலாவது விடுவாரா? மாலையை வைத்து, செத்த நேரம் கண்மூடி நின்று, இறந்தவரின் மகனை ஓரமாக அழைத்துத் தோளில் கைபோட்டு, குரலைத் தாழ்த்தி, ‘அப்பா நெல்லுச்சோறுதானே?’ என்பார்.

இவற்றையெல்லாம்விட உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. ‘அதாவது’ என்ற சொல். நீங்கள் ஏதோ சொல்லத் தொடங்குவீர்கள். பாதியில் ஓர் ‘அதாவது’ வந்து விழும். அதன் பிறகு அந்த வாக்கியம் உங்களுடையது அல்ல.

அவர் சொல்வது பொய்யா? இல்லை. சங்கடமே அதுதான். வறண்ட நிலத்தில் ஒரே பயிரை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவன் சூதாடுகிறான். பலதைக் கலந்து விதைப்பவன் யோசிக்கிறான். குதிரைவாலி மூன்றே மாதத்தில் வந்து குடும்பத்தின் வயிற்றைக் கவனிக்கும். துவரை ஆழமாக வேர்விட்டு ஆற அமரக் காய்க்கும். தட்டப்பயறு தரையில் படர்ந்து ஈரத்தைப் பொத்தி வைக்கும். ஆமணக்கு ஓரத்தில் காவலாள் மாதிரி நிற்கும். ஒன்று கைவிட்டால் இன்னொன்று கைகொடுக்கும். எளிதில் எதையும் பாராட்டாத எனக்கே இந்த ஏற்பாட்டில் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் இத்தனை பயிர்களுக்கும் ஒரே நிலத்தில் இடம் உண்டு என்று இரண்டு மணி நேரம் முழங்குகிற மனிதர், அந்த இரண்டு மணி நேரத்தில் வேறொருவரின் ஒரு வார்த்தை முளைக்க இடம் விடுவதில்லை. கலப்புப் பயிரைப் பற்றி அவர் பேசுவது ஒற்றைப் பயிர்.

பொதுவாகப் பேசினால் யாரும் தன்னைச் சொல்வதாக நினைப்பதில்லை. ஆகவே ஓர் ஆளைக் காட்டுகிறேன். ராயப்பராஜ், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘மண்ணும் மரபும்’ என்ற வாட்ஸ்அப் குழுவின் தலைவர், செயலாளர், பெரும்பாலான நாட்களில் அதில் பேசுகிற ஒரே உறுப்பினரும் அவரே. நல்ல மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களை நான் பார்த்ததில்லை. கெட்டவர்களாக இருந்தால் தப்பிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

போன ஐப்பசியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. குழுவில் எல்லோரும் படித்தது போதும், காட்டில் இறங்கிக் கைக்களை எடுக்க வேண்டும். காடு கிடைத்தது. தாடிக்கொம்பு தாண்டி மலைச்சாமி, சுந்தரம்மாள் தம்பதிக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். குதிரைவாலி, துவரை, தட்டப்பயறு கலந்து, ஓரத்தில் ஆமணக்கு. முந்தைய வருடம் மழை ஏமாற்றியதில் சேமிப்பு எல்லாம் கரைந்து, விதைக்கென்று பானையில் மிஞ்சியிருந்த குதிரைவாலி முழுவதும் அந்தக் காட்டில்தான் கிடந்தது. சுந்தரம்மாள் அதை மறைக்கவில்லை.

“பானைய வழிச்சு வெதைச்சிருக்கோம் சார். இது வந்தாத்தான் அடுத்த வருசத்துக்கு வெதை. களையெடுக்க ஆளு கெடைக்கல. இந்த வாரம் எடுக்கலேன்னா புல்லு அமுக்கிப்புடும்.”

“கவலையே படாதீங்கம்மா. முப்பது பேரைக் கூட்டிட்டு வாரேன்.”

முப்பது பேர் இலவசமாக வந்து களையெடுக்கிறேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? சுந்தரம்மாளும் சொல்லவில்லை. அவர் செய்த பிழை அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு வேன் வந்தது. தொப்பிகள் இறங்கின, கையுறைகள் இறங்கின, ஒரு பேனர் இறங்கியது, ஒளிப்பதிவுக்கு ஆல்வின் என்ற இளைஞர் இறங்கினார். நானும் இறங்கினேன். பேனரை எந்தப் பக்கம் கட்டினால் துவரை தெரியும் என்பதில் அரை மணி நேரம் போனது. பிறகு ராயப்பராஜ் தொடக்க உரை ஆற்றினார். உரை முடிந்ததும் பெருந்தன்மையாக, “இப்ப அம்மா ரெண்டு வார்த்தை சொல்லுவாங்க” என்றார்.

சுந்தரம்மாள் குனிந்து மண்ணிலிருந்து ஒரு பயிரைக் காட்டினார். இங்கே ஒரு தகவல். குதிரைவாலியோடு கூடவே முளைக்கிற ஒரு புல் உண்டு. இளசில் இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். பெற்றவளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

“எல்லாம் செத்த இங்க பாருங்க. துவரையும் தட்டாங்கொடியும் எல தெரிஞ்சு போகும். இதுலதான் சூதானமா இருக்கணும். அடித்தண்டு செவந்திருந்தா…”

“அதாவது,” என்றார் ராயப்பராஜ்.

காட்டில் ஒரு குருவி கத்திக்கொண்டிருந்தது. அதுவும் நிறுத்தியது போல எனக்குத் தோன்றியது.

“அதாவது, அடித்தண்டு சிவப்பா இருந்தா என்ன அர்த்தம்? இரும்புச் சத்து! அதுதான் அசல் நாட்டு ரகம். வெளிறிப்போய்ப் பச்சையா நிக்குது பாருங்க, அது களை. அம்மா எவ்வளவு எளிமையாச் சொல்லிட்டாங்க! இதையே ஒரு வெள்ளைக்காரன் சொல்லியிருந்தா புத்தகம் போட்டிருப்பான். கைதட்டுங்க!”

கைதட்டினோம். சுந்தரம்மாள் வாய் திறந்தார், கைதட்டல் ஓயவில்லை. ஓய்ந்தபோது யாரோ குடிதண்ணீர் கேட்டார்கள். முப்பது பேருக்குத் தண்ணீர் வேண்டுமே. இத்தனை பெரிய மனிதர் சொல்கிறார், சரியாகத்தான் கேட்டிருப்பார் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் குடத்தை எடுத்துக்கொண்டு, கரண்டு வந்தால்தான் மோட்டார் ஓடுகிற தூரத்துத் தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார். மலைச்சாமியை வரப்பில் உட்காரவைத்து ஆல்வின் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஏம்ப்பா, அங்க அவுக பிடுங்குறது…”

“ஐயா, கேமராவப் பாத்துப் பேசுங்க.”

“இல்லப்பா, அங்க…”

“உங்க மரபு அறிவு எத்தனை தலைமுறையா வருதுங்கய்யா?”

“அதத்தாம்ப்பா அங்க பிடுங்கிட்டு இருக்காக!”

“அருமை. இதையே சிரிச்ச முகமாச் சொல்லுங்க.”

முப்பது பேர். உற்சாகமான முப்பது பேர். கூலிக்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டே மெதுவாக எடுப்பார்கள்; இலட்சியத்துக்கு வருகிறவர்களின் வேகமே வேறு. சால் சாலாகக் குனிந்து, பச்சையாக நின்றதையெல்லாம் வேரோடு பிடுங்கி, சிவந்து நின்றதையெல்லாம் தடவிக்கொடுத்து, அதனுடன் படமும் எடுத்துக்கொண்டு முன்னேறினோம். ஆம், எடுத்துக்கொண்டு முன்னேறினோம். கிழக்கு ஓரத்தில் இரண்டு சால் என் கைவண்ணம்.

பத்தரைக்கு வெயில் ஏறியது. இலட்சியம் இறங்கியது. இன்னும் கால் பங்குக் காடு மிச்சம் இருக்கையில், “மீதிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று ராயப்பராஜ் அறிவித்தார். அவருடைய மனைவி அன்புக்கரசி விடியற்காலையில் எழுந்து சமைத்துக் கொடுத்திருந்த தூக்குகள் திறக்கப்பட்டன. எல்லோரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். குதிரைவாலிப் பொங்கல். பக்கத்திலேயே இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தது, நாங்கள் பிடுங்கிப் போட்ட குதிரைவாலி.

சுந்தரம்மாள் தண்ணீர்க்குடத்தோடு வரப்பேறியது அப்போதுதான். குவியலைப் பார்த்தார். குடத்தை இறக்கி வைத்தார். குவியலிலிருந்து ஒன்றை எடுத்து அடித்தண்டைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அதன் பிறகு எடுக்கவில்லை.

“செவந்திருந்தா பிடுங்குங்கன்னு சொல்ல வந்தேன் சார்” என்றார். அதட்டவில்லை, அழவுமில்லை. அந்தத் தொனியை நான் இன்னும் மறக்கவில்லை. வாக்கியத்தை முடிக்க அவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

நான் கொஞ்சம் படிக்கிறவன். ஒன்றை நேசிப்பதும் அதை அடையாளம் காண்பதும் வெவ்வேறு திறமைகள் என்று ஏதோ ஒரு நூலில் படித்து அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அடிக்கோடு போட்ட கையால்தான் பிடுங்கினேன்.

மலைச்சாமிதான் பேசினார். “விடு சுந்தரம். வெட்டுக்கிளி வந்தாலும் இம்புட்டுத்தான் மிஞ்சும்.”

உண்மையில் வெட்டுக்கிளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே மிஞ்சியது. துவரையும் தட்டப்பயறும் இலை தெரிந்ததால் தப்பின. எங்கள் உற்சாகம் தொடாத அந்தக் கால் பங்குக் காட்டில் குதிரைவாலி அப்படியே நின்றது. ஆர்வத்தால் போனது முக்கால் காடு. சோம்பலால் பிழைத்தது கால் காடு. அதை அன்று மாலையே சுந்தரம்மாள் தனியாகக் களையெடுத்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் வருவதாகச் சொல்லியிருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

தை மாதம். ராயப்பராஜ் மனம் உடைந்து ஒதுங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மேதைகள் மனம் உடைவதில்லை; தலைப்பை மாற்றிக்கொள்வார்கள். திண்டுக்கல்லில் ஒரு கூட்டத்தில் ‘எந்த இடரையும் தாங்கும் கலப்புப் பயிர்’ என்று பேசினார். திரையில் சுந்தரம்மாளின் துவரை. இடர் எது என்று யாரோ கேட்டதற்கு, “அதாவது, பல காரணிகள்” என்றார்.

கூட்டம் முடிந்த கையோடு விதைத் திருவிழாவுக்கு விதை கேட்டுத் தாடிக்கொம்புக்குக் கிளம்பினார். பிராயச்சித்தமாகச் சேர்த்து ஒரு மூட்டை அரிசியும் வாங்கிக்கொண்டார். நெல்லரிசிதான். நானும் போனேன், எனக்கும் பிராயச்சித்தம் தேவைப்பட்டது.

சுந்தரம்மாளின் வீட்டுப் பானை நிறைந்திருந்தது. கால் காட்டுக் குதிரைவாலி, அடுத்த வருட விதைக்கு மட்டும் சரியாக. அதைத் திறந்து காட்டினாரே தவிர, பானையின் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. சுவரோரம் ஒரு சாக்கில் வேறு ஏதோ விதை கிடந்தது. ராயப்பராஜின் பார்வை அங்கே போனது.

“அது என்னம்மா?”

“அதுவா சார், அது அன்னைக்கி நீங்க விட்டுட்டுப் போன அந்தச் செவப்பு. காட்டுல உதுந்தா அடுத்த வருசமும் மொளைச்சுத் தொலைக்குமேன்னு கதிரோட அறுத்து வச்சேன். கோழிக்கு…”

“கோழிக்கா! ஏம்மா, அந்த அசல் ரகத்தையா கோழிக்குப் போடப் போறீங்க?”

“சார், நான் சொல்ல வாரது என்னன்னா…”

“தெரியும்மா, தெரியும். அதோட அருமை உங்களுக்கே தெரியல. எனக்கு ரெண்டு படி குடுங்க.”

சுந்தரம்மாள் கணவரைப் பார்த்தார். மலைச்சாமி முகட்டைப் பார்த்தார். “அள்ளிக் குடு ஆத்தா. கேக்குறவுகளுக்கு இல்லேன்னு சொல்லக் கூடாது” என்றார். அவர் அள்ளிக் கொடுத்தார். ரெண்டு படிக்கு மேலேயே கொடுத்தார். அன்று அந்த வீட்டில் எங்களுக்குக் கிடைத்த மோர் நன்றாக இருந்தது.

இப்போது ராயப்பராஜ் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு தொட்டிகள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறார். வறட்சியைத் தாங்கும், இரும்புச் சத்து மிக்க அரிய ரகம் என்று குழுவில் படம் வருகிறது. முப்பது பேர் விதை கேட்டிருக்கிறார்கள். அன்புக்கரசி மட்டும் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் தொட்டிகளின் முன் நின்று பார்க்கிறார். அவர் பிறந்ததும் விவசாயக் குடும்பத்தில்தான்.

“ஏங்க, இதைப் பாத்தா எனக்கு வந்து…”

“அதாவது, அன்பு…”

இதுவரை வாசித்த நீங்கள் உங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணனையோ, மாமாவையோ, அலுவலக நண்பரையோ நினைத்துச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். இதை அவருக்கு அனுப்பிவைக்கவும் நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. மேலே சுந்தரம்மாள் ‘அடித்தண்டு செவந்திருந்தா…’ என்று தொடங்கினாரே, அந்த இடத்தில் அவர் முடிக்கும் வரை காத்திருந்தீர்களா? இல்லை, மீதியை நீங்களே மனத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவினீர்களா?

தாவியிருந்தால், எதற்கும் ஒருமுறை உங்கள் மாடித் தொட்டியை எட்டிப் பாருங்கள். அடித்தண்டு சிவந்திருக்கும்.